உப்பில்லாத கடல்

பள்ளி விழா மலர்க் குழுவினர் கட்டுரைகளைப் பங்கு பிரித்தபோது பள்ளியின் வரலாறு தலைமை ஆசிரியருக்குப் போனது. கட்டடம் வந்த கதை பெற்றோர் ஆசிரியர் கழகத்துக்கு. விளையாட்டு விழாக்கள் உடற்கல்வி ஆசிரியருக்கு. கடைசியில் மிஞ்சியது சுற்றுலா. “வருசா வருசம் பஸ்ஸுல முன் சீட்டுல உக்காந்து போனவரு நீங்கதான் சார், நீங்களே எழுதுங்க” என்று என் தலையில் கட்டினார்கள். ஆகவே, இந்த மலரில் பள்ளியைப் பற்றியே அதிகம் பேசாத கட்டுரை இதுவாகத்தான் இருக்கும். நம் பிள்ளைகள் ஓராண்டு முழுக்க எதிர்பார்த்துக் கிடந்த ஓர் இடம் எப்படிப் பிறந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். அந்த இடம் தாம்பரத்துக்கு மேற்கே, தர்காஸில் இருந்த கிஷ்கிந்தா.

நம் கீழ்புத்துப்பட்டுக்காரனுக்கு ‘குடும்பத்தோடு வெளியே போவது’ என்றால் அந்தக் காலத்தில் ஒரே பொருள்தான்: கோயில். அதிலும் நம் ஊர் விநோதமானது. ஊர் சுற்றுகிறவர்கள் நம் ஊருக்கு வருவார்கள். மஞ்சனீஸ்வரர் அய்யனார் பூரணி புட்கலையோடு உட்கார்ந்திருக்கும் தோப்பில் திங்கள்கிழமை வந்தால் வேன்கள் நிற்கும், அடுப்புக் கல் புகையும், மொட்டைத் தலைகளில் சந்தனம் காயும். புதுச்சேரியிலிருந்து தாவரவியல் ஆய்வாளர்கள் வந்து இந்தக் கோயில் காட்டின் மரங்களையும் கொடிகளையும் எண்ணிக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள்; கிழக்குக் கரையில் எஞ்சியிருக்கும் உலர் பசுமைமாறாக் காடுகளில் இதுவும் ஒன்று. அடுத்த ஊர்க்காரனுக்கு இது திருவிழா. நம் பிள்ளைகளுக்கோ பள்ளிக்குப் போகும் வழி. “எல்லாரும் நம்ம ஊருக்கு வர்றாங்க, நாம எங்க சார் போறது?” என்று ஏழாம் வகுப்பில் ஒருத்தி கேட்டதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் தேடிய ஆண்டுகளில் செஞ்சிக் கோட்டைக்குப் போனோம். மாமல்லபுரம் போனோம். 1972இல் தொடங்கிய கிண்டிப் பாம்புப் பண்ணை, 1976இல் வந்த வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1985இல் வண்டலூரில் திறந்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் நல்ல இடங்கள்தான். ஆனால் எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு: திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்வோம். பார்ப்பது, குறிப்பெடுப்பது, எழுதுவது. சுற்றுலா என்ற பெயரில் இன்னொரு வகுப்பு.

1995இல் கிஷ்கிந்தா திறந்தது. தொலைக்காட்சி விளம்பரத்தில் பிள்ளைகள் தண்ணீரில் சறுக்கி விழுவதைப் பார்த்த நாள் முதல் வகுப்பில் வேறு பேச்சில்லை. கட்டுரை எழுதச் சொல்ல முடியாத ஓர் இடத்துக்கு நாங்கள் முதன்முதலாகப் போனது 1997 தை மாதக் கடைசியில்.

தை என்று தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மரக்காணத்து உப்பளங்களை நம்பியிருக்கும் வீடுகளில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் கடன் மாதங்கள். வடகிழக்குப் பருவமழையில் பாத்திகள் மூழ்கிக் கிடக்கும். பொங்கல் கழிந்து அளத்தைச் சீர்செய்யும் வேலை தொடங்கினால்தான் கையில் கூலி புரளும். அப்போதும் முழுத் தொகையை ஒரே தடவையில் கேட்க முடியாது. வாரம் ஒரு தொகையாக நோட்டில் பெயரெழுதி வாங்கினோம். ரேடியோவையும் கடிகாரத்தையும் தவணை முறையில் விற்று நடுத்தர வர்க்கத்தின் வீட்டுக்குள் நுழைந்தவர் வி.ஜி. பன்னீர்தாஸ், அவர் குடும்பம்தான் பின்னாளில் ஈஞ்சம்பாக்கத்தில் விஜிபி கோல்டன் பீச்சை அமைத்தது. வாசலில் அசையாமல் நிற்கும் ‘சிலை மனிதர்’ நினைவிருக்கிறதா? அவரைச் சிரிக்க வைக்க முயன்று தோற்றவர்கள் நம் பள்ளியிலேயே நூறு பேர் இருப்பார்கள். பன்னீர்தாஸ் கடையில் கற்ற தவணையைத்தான் நாங்கள் சுற்றுலாவில் கடைப்பிடித்தோம்.

இனி, கிஷ்கிந்தாவைக் கட்டியவர் கதைக்கு வருகிறேன்.

அவர் பெயர் மாலியம்புரக்கல் சாக்கோ புன்னூஸ். குட்டநாட்டுக்காரர். உலகம் அறிந்த பெயர் நவோதயா அப்பச்சன். இவர் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் நம் சேலத்திலிருந்து தொடங்க வேண்டும். மலையாளத்தின் முதல் பேசும்படமான ‘பாலன்’ 1938இல் வந்தது; எடுத்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம். அப்போது மலையாளத்தில் படம் எடுக்க வேண்டுமென்றால் சேலத்துக்கோ கோடம்பாக்கத்துக்கோதான் வந்தாக வேண்டும். ஸ்டுடியோ இங்கே, லேப் இங்கே, வாத்தியக்காரர்களும் இங்கே. இந்த நிலையை மாற்ற 1947இல் ஆலப்புழையில் உதயா ஸ்டுடியோவைத் தொடங்கினார் குஞ்சாக்கோ. அவருடைய தம்பிதான் அப்பச்சன். அண்ணன் நிழலில் தொழில் பழகினார். 1976இல் குஞ்சாக்கோ மறைந்தார். அதே ஆண்டு கொச்சியை அடுத்த காக்கநாட்டில் தம்பி தனியாக நவோதயா ஸ்டுடியோவைத் தொடங்கினார். அண்ணன் வைத்த பெயருக்கு ‘உதயம்’ என்று பொருள். தம்பி வைத்ததற்குப் ‘புதிய உதயம்’.

அதன்பின் அப்பச்சன் செய்தவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு பிடிவாதம் தெரியும். 1978இல் ‘தச்சோளி அம்பு’: மலையாளத்தின் முதல் சினிமாஸ்கோப். 1980இல் ‘மஞ்ஞில் விரிஞ்ஞ பூக்கள்’: நம் கொடைக்கானலில் எடுத்த படம், இயக்குநர் பாசிலும் நடிகர் மோகன்லாலும் அதில் வெளிச்சத்துக்கு வந்தார்கள். 1982இல் ‘படையோட்டம்’: 70 எம்.எம். 1984இல் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’: இந்தியாவின் முதல் 3டி படம். கடைசி இரண்டையும் இயக்கியவர் அவர் மகன் ஜிஜோ. கதை சொல்வதில் மட்டும் இவர்களுக்குத் திருப்தி இல்லை. திரையை அகலமாக்கினார்கள், அதுவும் போதாமல் திரையை விட்டே வெளியே வரப் பார்த்தார்கள்.

குட்டிச்சாத்தானை நம் தலைமுறை மறக்காது. இளையராஜா இசை. ஐஸ்கிரீம் கோன் மூக்குக்கு நேராக நீண்டபோது தியேட்டரே கையை நீட்டியது. அந்தக் கண்ணாடியைப் போட்டால் கண்வலி ஒட்டிக்கொள்ளும் என்று வதந்தி வேறு. அந்தப் படத்தில் ஒரு பாட்டில் பிள்ளைகள் சுவரில் நடப்பார்கள், கூரையில் நடப்பார்கள், மறு சுவர் வழியே இறங்கித் தரைக்கு வருவார்கள். கம்பி, கயிறு எதுவும் இல்லை. மந்திரம் மிக எளிது: ஓர் அறையையே இரும்புச் சட்டத்தில் பொருத்தி, முழு அறையையும் ராட்டினம் போலச் சுற்றினார்கள். கேமராவும் அறையோடு சேர்ந்தே சுற்றும். பிள்ளைகள் எப்போதும் அடிப்பக்கத்தில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். நமக்குத்தான் அவர்கள் கூரையில் நடப்பதாகத் தெரிந்தது.

என்னைக் கேட்டால் கிஷ்கிந்தா பிறந்தது அந்த அறையில்தான். ஆவணம் காட்ட முடியாது, என் ஊகம். சுழலும் அறையை வெளியில் நின்று படமாக எடுத்தால் சினிமா. அதற்குள்ளேயே ஆட்களை ஏற்றிவிட்டு டிக்கெட் கிழித்தால் கேளிக்கைப் பூங்கா. அமெரிக்காவிலும் இதுதான் நடந்தது. கேலிச்சித்திரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த வால்ட் டிஸ்னி, 1955 ஜூலை 17ஆம் தேதி கலிபோர்னியாவில் ஆரஞ்சுத் தோப்பு இருந்த இடத்தில் டிஸ்னிலாந்தைத் திறந்தார். அன்று வெயிலில் புதுத் தார் இளகிப் பெண்களின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. குடிநீர்க் குழாய்கள் பலவற்றில் தண்ணீர் வரவில்லை. எந்தப் பூங்காவும் முதல் நாளில் ஒழுங்காக நடந்ததில்லை என்று தெரிந்துகொண்டதில் சுற்றுலாப் பொறுப்பாசிரியனாக இருந்த எனக்கு ஓர் ஆறுதல்.

மலையாளப் படத்தொழிலைச் சென்னையிலிருந்து கேரளத்துக்கு அழைத்துப்போன குடும்பம், பூங்கா கட்ட வேண்டும் என்று வந்தபோது சென்னைக்கே திரும்பி வந்தது. சினிமாவுக்கு ஊர் வேண்டும், மொழி வேண்டும். ராட்டினத்துக்குக் கூட்டம் போதும்.

இடம் தாம்பரத்துக்கு மேற்கே, 120 ஏக்கர். ‘தர்காஸ்’ என்ற பெயரைக் கேட்டு ஏதோ சாமியார் பெயர் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். தாலுகா அலுவலகப் படி ஏறியவர்களுக்கு அந்தச் சொல் தெரியும். தரிசாகக் கிடக்கும் அரசு நிலத்தைத் தனக்கு ஒதுக்கச் சொல்லி ஒருவர் போடும் விண்ணப்பத்துக்குப் பழைய வருவாய்த் துறைப் பெயர் தர்காஸ்து, பாரசீகச் சொல். அப்படி மனுப் போட்டு வாங்கிய நிலம் பல ஊர்களில் இந்தப் பெயரோடே நின்றுவிட்டது. ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததைச் சொல்லும் பெயர் ஒட்டிய இடத்துக்கு, சனிக்கிழமைகளில் பஸ்கள் வரிசை கட்டி நின்றன.

பூங்காவுக்கு வைத்த பெயரும் யோசித்து வைத்ததுதான். ராமாயணத்தில் கிஷ்கிந்தை வாலியும் சுக்ரீவனும் ஆண்ட வானர நாடு. துங்கபத்திரைக் கரையில் ஹம்பி, ஆனேகுந்திப் பக்கத்தை அது என்று காட்டுவார்கள். குரங்குகளின் ராஜ்ஜியத்தைவிடப் பிள்ளைகளுக்குப் பொருத்தமான ஊர் உண்டா? குட்டநாட்டுக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று படத்துக்கு மலபார் நாட்டார் வழக்கின் சாத்தானை எடுத்துக்கொண்டது. பூங்காவுக்கு ராமாயணத்தின் வானரங்களை. பெயர்ப்பலகையில் ‘வேர்ல்ட்’, ‘லேண்ட்’ என்று முடித்தால்தான் கேளிக்கை என்றிருந்த காலத்தில், என் பாட்டிக்கும் புரிகிற ஒரு பெயர். “கிஷ்கிந்தையா? அங்க வாலி இருப்பானே, பாத்துப் போங்கடா” என்றாள் ஒரு மாணவனின் ஆத்தா, உண்மையாகவே கவலையோடு.

விழா மலர்க் கட்டுரைகளுக்கென்று ஒரு வியாதி உண்டு: எதைப் பற்றி எழுதினாலும் ‘இந்தியாவிலேயே முதல்’ என்று போட்டுவிடுவது. கிஷ்கிந்தாவுக்கும் அந்தப் பட்டத்தைச் சூட்டியவர்கள் உண்டு. அது சரியல்ல. 1982 ஆசிய விளையாட்டின் யானைச் சின்னம் அப்பு. அதன் பெயரில் 1984 நவம்பரில் டெல்லியில் அப்பு கர் திறந்தது. மும்பை கொராயில் 1989இல் எஸ்ஸெல்வேர்ல்ட். அதைத் தொடங்கிய சுபாஷ் சந்திராதான் 1992இல் ஜீ டிவியைத் தொடங்கினார். படம் காட்டுகிறவர்களும் ராட்டினம் சுற்றுகிறவர்களும் ஒரே சாதி என்பதற்கு இன்னொரு சாட்சி. ராமோஜி ராவின் ஹைதராபாத் பிலிம் சிட்டி அதற்குப் பின், 1996இல். முதல் என்ற பட்டம் இல்லாவிட்டாலும் கிஷ்கிந்தாவுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. செஞ்சி, திண்டிவனம், மரக்காணம் பள்ளிகளுக்கு அதுதான் முதல்.

எங்கள் முதல் பயணத்தில் அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். மரக்காணம், திண்டிவனம், அங்கிருந்து ஜி.எஸ்.டி. சாலை. இப்போதிருக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை அப்போது இல்லை. அது அகலமாகிச் சுங்கச்சாவடி வந்து நின்றது 2002இல். செங்கல்பட்டு தாண்டியதும் வண்டியின் ரேடியேட்டர் கொதித்து நின்றது. எழுபது பிள்ளைகளையும் புளியமர நிழலில் இறக்கி, கட்டிக் கொண்டுவந்த புளிச்சோற்றை ஒன்பது மணிக்கே பிரித்துவிட்டோம். மதியச் சோறு அதோடு தீர்ந்தது. உள்ளே விற்ற தின்பண்டத்தின் விலை எங்கள் தவணைக் கணக்கில் இல்லை. மீதி நாள் முழுதும் பிள்ளைகள் பசியோடுதான் ஆடினார்கள்; ஒருவரும் பசிக்கிறது என்று சொல்லவில்லை.

உள்ளே போனதும் நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ராட்டினங்களை விட்டுவிட்டு முக்கால்வாசிப் பேர் அலைக்குளத்துக்கு ஓடினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. எக்கியார்குப்பத்திலும் கூனிமேட்டிலும் வீட்டு வாசலில் வங்கக் கடலை வைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள், தாம்பரத்துக்கு வந்து பணம் கட்டி அலை பார்க்க வரிசையில் நிற்கிறார்கள்! இடுப்பளவுத் தண்ணீரில் நின்ற ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் உள்ளங்கையில் அள்ளி வாயில் வைத்தான். முகம் மாறியது. “சார், உப்பே இல்ல சார்!” என்று கத்தினான். அவன் அப்பா அளத்தில் வேலை செய்பவர்.

அந்தக் கூச்சலை நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அளத்துப் பிள்ளைக்குத் தண்ணீர் என்றால் இறைப்பது, பாத்தியில் கட்டுவது, காய விடுவது, வாரி அம்பாரம் போடுவது. காலில் பட்டால் வெடிப்பு எரியும். கடல் என்றால் அப்பாவையோ மாமாவையோ எதிர்பார்த்துக் காத்திருக்கும் இடம். வேலை ஏதும் சொல்லாத, எரியாத, யாரையும் கொண்டுபோகாத அலையை அவன் அன்றுதான் முதலில் பார்த்தான்.

அலைக்குளம் எப்படி வேலை செய்கிறது என்று அடுத்த வாரம் அறிவியல் வகுப்பில் விளக்கினேன் (கட்டுரை எழுதச் சொல்லவில்லை, பழக்க தோஷம், விளக்காமல் இருக்க முடியவில்லை). குளத்தின் தரை கடற்கரை போலச் சரிந்திருக்கும். ஆழமான கடைசிச் சுவருக்குப் பின்னால் மூடிய அறைகள் உண்டு. விசிறிகள் அவற்றுக்குள் காற்றைத் தள்ளினால், அறைக்குள் இருக்கும் தண்ணீர் கீழே அமுங்கிக் குளத்துக்குள் பாயும்; காற்றை விட்டால் திரும்ப ஏறும். சரியான இடைவெளியில் இப்படி அமுக்கி அமுக்கி விட்டால் அலை எழும். ஆழம் குறையக் குறைய நிமிர்ந்து உடையும். இது புதிய வித்தையும் அல்ல. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரத்து கெல்லர்ட் குளியலகத்தில் 1927இலேயே அலைக்குளம் வைத்திருந்தார்கள். பெரிய ரோலர் கோஸ்டரின் வித்தையும் எளிதுதான்: சங்கிலி இழுத்து உச்சிக்கு ஏற்றிவிடும், அதற்கப்புறம் எஞ்சின் கிடையாது, புவியீர்ப்புதான். மேலே கொண்டுபோய் விட்டால் போதும், மீதியைப் பூமி பார்த்துக்கொள்ளும்.

ஆனால் இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்பவை கண்ணில் படாதவை: மணல் வடிகட்டி, குளோரின், பம்ப், தினம் காலையில் ஒவ்வொரு ஆணியையும் தட்டிப் பார்க்கும் மெக்கானிக். கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த நகரத்தின் ஓரத்தில் தண்ணீர் விளையாட்டு நடத்துவது, அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்தம் செய்து பயன்படுத்தினால்தான் முடியும். மெக்கானிக்கின் வேலை எவ்வளவு கனமானது என்பதை 2016 மே மாதம் காட்டியது. கிஷ்கிந்தாவில் ஒரு ராட்டினத்தை ஊழியர்களே ஏறி ஓட்டிப் பார்த்தபோது அது விபத்துக்குள்ளாகி ஊழியர் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். கொண்டாட்ட மலரில் இதை எழுத வேண்டுமா என்று கேட்டார்கள். பிள்ளைகளை நம்பி அனுப்பிய பெற்றோர் படிக்கிற மலர் இது, எழுதத்தான் வேண்டும்.

அப்பச்சன் அதைப் பார்க்க இல்லை. 2012 ஏப்ரலில் காலமானார். மலையாளத் திரையின் உயர்ந்த விருதான ஜே.சி. டேனியல் விருது அவருக்குக் கிடைத்திருந்தது. செய்தித்தாள்கள் அவரைத் தயாரிப்பாளர் என்றே எழுதின. நம் பக்கத்துப் பிள்ளைகள் அவர் பெயரையே அறியமாட்டார்கள். ஆனால் அவருடைய எந்தப் படத்தையும்விட அதிகமாக அவர் கட்டிய குளத்தில் நனைந்திருக்கிறார்கள்.

பிற்பாடு எங்களுக்கு வேறு இடங்களும் கிடைத்தன. கடற்கரைச் சாலை நன்றானதும் முட்டுக்காடு எம்ஜிஎம் பக்கம் போனோம், பூந்தமல்லிப் பக்கம் குயின்ஸ்லேண்ட் போனோம். அவற்றின் கதையை வேறு யாராவது எழுதலாம். 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் 611 கோடி ரூபாய்ச் செலவில் வொண்டர்லா திறந்திருக்கிறது. அதைத் தொடங்கிய நிறுவனத்தின் நிறுவனர் கொச்சௌசேப் சிட்டிலப்பிள்ளி. 2000இல் கொச்சியில் வீகாலேண்டை ஆரம்பித்தவர். மறுபடியும் கேரளம்! மலையாளிகளுக்கும் சென்னை ராட்டினத்துக்கும் என்ன பூர்வ ஜென்மப் பந்தமோ. இப்போதைய பொறுப்பாசிரியர் அங்கே போகத் திட்டம் வைத்திருக்கிறார். நுழைவுக் கட்டணத்தைக் கேட்டேன். தவணை நோட்டைத் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும். சாப்பாட்டை இரண்டு வேளைக்குக் கட்டிக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லியிருக்கிறேன்.

நம் ஊர் அகதிகள் முகாமில் இருந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளும் அந்தப் பயணங்களில் வந்தார்கள். அவர்களில் சிலர் இப்போது வெளிநாடுகளில் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். இந்த மலர் எப்படியாவது அவர்கள் கையிலும் கிடைக்க வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 1997ஆம் ஆண்டுப் பயணத்தில் கிஷ்கிந்தா வாசலில் எல்லோரும் நின்று ஒரு குழுப்படம் எடுத்துக்கொண்டோம். பள்ளியில் இருந்த பிரதி 2011 டிசம்பர் தானே புயலில் நனைந்து வீணானது. யார் வீட்டிலாவது அந்தப் படம் இருந்தால் பள்ளி அலுவலகத்தில் ஒரு நாள் கொடுத்து வையுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருகிறோம். இரண்டாம் வரிசையில் இடது ஓரம், தலை இன்னும் ஈரமாக, கண்ணை மூடிக்கொண்டு நிற்பவன்தான் அந்த உப்பில்லாத அலையைக் கண்டுபிடித்தவன்.